பன்னிரண்டேகால் மணிப் பள்ளம்

சிமுலேஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

உங்கள் மேலாளர் என்னிடம் கேட்டது இதை அல்ல. "சார், உங்க சாதனைகளைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க, புதுசா வந்தவங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். சாதனைகளை எழுதினால் அரைப் பக்கம் வரும். முட்டாள்தனங்களுக்கு நாலு பக்கம் போதாது. அதனால் ஒரே ஒரு முட்டாள்தனத்தை மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். எனக்கு அது வர ஒரு வருஷம் பிடித்தது.

வெல்டிங் என்றால் எல்லோரும் தீப்பொறியைத்தான் பார்ப்பார்கள். நம் வேலை தீப்பொறி அணைந்த பிறகு தொடங்குகிறது. குரோமியமும் மாலிப்டினமும் கொஞ்சம் கலந்த எஃகு பெரிய ரோஷக்காரன். உருகி ஒட்டிய இடம் சீக்கிரம் ஆறிவிட்டால் விறைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து விரிசல் விடும். அதனால் பற்றவைக்கும் முன்பே அதைச் சூடாக்கி, வேலை நடக்கிற நாளெல்லாம் அந்தச் சூட்டிலேயே வைத்திருந்து, முடிந்த பிறகு போர்வை போர்த்தி மெதுவாக ஆறவிடுவார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு மெதுவாக என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிறவர்கள் நாம். சுருக்கமாகச் சொன்னால், இரும்புக்குக் காய்ச்சல் பார்க்கிற டாக்டர்கள். நான் நோயாளியைப் பார்க்காமலே பல வருஷம் மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர்.

அப்போது நான் இருந்த தொழிற்சாலை செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருந்தது. கீழே தகரக் கூரை போட்ட பெரிய ஷெட். கிழக்குப் பக்கம் லாரி நுழைகிற அளவுக்குக் கதவு. மதியத்துக்கு மேல் கடல்காற்று அந்த வழியாக உள்ளே வரும். மாடியில் என் அறை. அங்கே இருந்த கம்ப்யூட்டர்களுக்காக ஏசியை எப்போதும் கடுங்குளிரில் வைத்திருப்பார்கள். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வெப்பத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இதில் இருக்கிற வேடிக்கை அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஒரு மின் நிலையத்துக்காகத் தடிமனான ராட்சதக் குழாய் ஒன்று செய்துகொண்டிருந்தோம். நிறைய இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் வேலை. இணைப்பைச் சுற்றி மின்சார ஹீட்டர்கள், அதன் மேல் வெள்ளைப் போர்வை, வெல்டுக்குப் பக்கத்தில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒயர். இருநூறு டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது என்பது உத்தரவு. ஒயர் அளக்கிற சூடு என் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு கோடாக வந்து விழும். நான் கணக்குப் போட்ட கோட்டையும் அந்தக் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பேன். இரண்டும் பொருந்தினால் அன்று மாலை ஊரப்பாக்கம் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவேன்.

பொருந்தவில்லை. தினமும் பகல் பன்னிரண்டேகால் மணிக்கு நிஜக் கோடு பொத்தென்று முப்பது டிகிரி இறங்கியது. அரைமணி நேரம் அந்தப் பள்ளத்தில் கிடந்துவிட்டு மெல்ல ஏறி மறுபடி சமமானது. என் கணக்கில் அப்படி ஒரு பள்ளம் இல்லவே இல்லை.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? படியிறங்கிப் போய்ப் பார்ப்பேன் என்று சொல்வீர்கள். பொய். இரண்டு பெரிய திரையையும் நல்ல நாற்காலியையும் உங்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன், யார் இறங்குகிறீர்கள் என்று தெரிந்துவிடும். அதோடு, பன்னிரண்டே முக்கால் மணி என் சாப்பாட்டு நேரம். நான் சாப்பாட்டு விஷயத்தில் நேரம் தவறாதவன்.

மேலேயே உட்கார்ந்து காரணம் தேடினோம். முதல் சந்தேகம் கடல்காற்றின் மேல். கிழக்குக் கதவைப் பகலில் மூடச் சொல்லி உத்தரவு போட்டேன். ஒரு வாரம் கீழே நாற்பது பேர் வெந்தார்கள். பள்ளம் அசையவில்லை. அடுத்து மின்சாரத்தின் மேல் சந்தேகப்பட்டு, புது ஸ்டெபிலைசர் வாங்க வைத்தேன். பள்ளம் அதற்கும் மசியவில்லை. பிறகு நிர்வாகத்தில் ஒரு குழு அமைத்து, ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு குழாயைச் சுற்றி நின்றோம். அன்றைக்குப் பார்த்து பள்ளம் வரவேயில்லை. ஒரு மணிக்குக் கெஸ்ட் ஹவுஸில் பிரியாணி சாப்பிட்டுக் கலைந்தோம். மறுநாள் பன்னிரண்டேகாலுக்குப் பள்ளம் வந்துவிட்டது. அதிகாரிகள் பார்த்தால் மறைந்துகொள்கிற ஒரு இயற்கை விதியை நான் அதுவரை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

என்னோடு வேலை பார்த்தவன் சுந்தர். பொத்தேரியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பிஹெச்டி முடித்தவன், மகா கெட்டிக்காரன். மூன்று மாதப் பதிவுகளை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தான். மூன்றாம் நாள் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு என் மேஜைக்கு ஓடி வந்தான்.

"சார், லீவு நாளையும் குழு வந்த நாளையும் விட்டுடுங்க. அது தவிர மூணே மூணு நாள்ல பள்ளம் இல்ல. மூணும் அமாவாசை."

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். மூன்றும் அமாவாசைதான். எனக்கு முதுகில் சில்லிட்டது, ஏசியும் ஒரு காரணம்.

"அமாவாசைக்கும் எஃகுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"கடல் சார்! அமாவாசைக்கு ஓதம் அதிகம், கடல் மட்டம் ஏறும். நிலத்தடி நீர்மட்டம் மாறும். குழாய் நிக்கிற அஸ்திவாரத்துக்கு அடியில ஈரம் கூடும், குறையும். வெப்பம் தரைக்குள்ள கடத்தப்படுறது மாறும்."

"பௌர்ணமிக்கும் ஓதம் உண்டே? அன்னிக்குப் பள்ளம் இருக்கே?"

"பௌர்ணமிக்கு இன்னும் டேட்டா பத்தல சார்" என்றான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம் தொழிலில் ஆபத்தே அதுதான், எல்லாம் கேட்க நன்றாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போய், தண்ணீர் எந்த நாளில் எவ்வளவு ஏறும் என்று விசாரித்தோம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அமாவாசைக்குத் தண்ணி மேல ஏறும் சார். போட்ட இன்னும் கொஞ்சம் மேல இழுத்து வுடுவோம். அதுக்கும் உங்க பைப்புக்கும் இன்னா?"

சுந்தர் விளக்கினான். அவர் முழுவதும் கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "படிச்சவங்கோ, இன்னாவோ பேஜாருல கீறாங்கோ, தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டுத் திரும்பினோம்.

காரணம் கிடைக்காவிட்டாலும் பரிகாரம் உண்டு அல்லவா? என் கணக்கில் ஒரு புது எண்ணைச் சேர்த்தேன். அதற்கு அறிவியல் பெயர் ஒன்றும் வைத்தேன், இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த எண்ணைச் சேர்த்ததும் என் கோட்டிலும் பள்ளம் விழுந்தது. நிஜத்தைப் பார்த்துப் பொய்யையும் பள்ளமாக்கினேன், அவ்வளவுதான். அப்போதைய என் மேலாளர் முதுகில் தட்டினார். பள்ளத்தை ஈடுகட்ட, பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை ஹீட்டரை ஏற்றி வைக்கச் சொல்லி உத்தரவு போயிற்று.

நாலாம் நாள் தொழிலாளர்களிடமிருந்து மனு வந்தது. "பகல் பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை சூட்டை உயர்த்துவதால் உணவு உண்ண இயலாத நிலை ஏற்பட்டுள்ளது" என்று எழுதி நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நிர்வாகம் மனம் இரங்கி, ஷெட்டுக்கு இரண்டு பெரிய ஃபேனும் ஒரு அண்டா மோரும் அனுப்பியது. மறுநாள் அதே மனு மறுபடி வந்தது. ஃபேனும் மோரும் பலிக்கவில்லை என்று கண்டு, ஹீட்டரைப் பழையபடி இறக்கிவிட்டார்கள். உடனே எல்லோருக்கும் திருப்தி. எதற்குத் திருப்தி என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் செய்த இணைப்பில் விரிசல் கண்டுபிடித்தார்கள்.

மயிரிழை விரிசல்தான். ஆனால் அந்தக் குழாய்க்குள் ஓடப் போவது கொதிநீராவி. மயிரிழை ஒருநாள் வாய் பிளந்தால் பக்கத்தில் நிற்கிறவர்களின் பிணம்கூட முழுதாகக் கிடைக்காது. வேடிக்கை அதோடு நின்றுபோனது. வாங்குகிறவர்கள் தரப்பிலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். சூடு எப்படி இறங்கியது என்று அறிக்கை கேட்டார்.

என் சந்தர்ப்பம் வந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கம்ப்யூட்டரை ஓட்டினேன். போர்வை முழுதாக மூடியிருந்தால் எந்தக் காற்றாலும், எந்தக் கடலாலும் அந்தப் பள்ளம் வராது. வெல்டுக்குப் பக்கத்தில் போர்வை ஒரு சாண் விலகியிருந்தால் பள்ளத்தில் பாதி வந்துவிடுகிறது. மீதிப் பாதி ஏதோ சில்லறைக் காரணம் என்று ஒதுக்கினேன். "மதிய இடைவேளைக்குப் போகும் முன் வெல்டர் போர்வையை விலக்கியதே காரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கவனியுங்கள். போர்வை விலகியிருந்தது என்று சொன்னது கம்ப்யூட்டர். "வெல்டர்" என்று எழுதியது நான். அதை எழுத எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, யோசிக்கவும் இல்லை.

அந்த இணைப்பின் வெல்டர் ஏழுமலை. கருங்குழிக்காரர். பதினைந்து வருஷம் அங்கே வெல்டிங் டார்ச் பிடித்தவர். வெல்டருக்குத் தகுதி அட்டை என்று ஒன்று உண்டு, அது இல்லாமல் எந்தத் தொழிற்சாலையிலும் டார்ச்சைத் தொட முடியாது. அவருடைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரிய விசாரணையில் தப்பு உறுதியானால் அட்டை நிரந்தரமாக ரத்து. அதுவரை ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டையும் நட்டையும் பிரித்துப் போடச் சொன்னார்கள். முதல் விசாரணையில் அவர் சொன்னது ஒன்றுதான்: "போர்வைய நான் எடுக்கல சார்." வேறு யார் எடுத்தது என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருட்டு முழி என்று நான் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பெரிய விசாரணை திங்கட்கிழமை. வியாழன் காலை இன்ஸ்பெக்டர் அம்மா என் அறைக்கு வந்து, நின்றபடியே என் அறிக்கையைப் புரட்டினார்.

"போர்வை விலகினதை நீங்க பாத்தீங்களா?"

"கணக்குல தெளிவா தெரியுது மேடம்."

"கணக்கு இருக்கட்டும். நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"மதியம் பன்னிரண்டேகாலுக்கு ஒரு நாளாவது கீழ போயிருக்கீங்களா?"

குழுவோடு போன அந்த ஒரு நாளைச் சொன்னேன். அவர் அறிக்கையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் கணக்கையா சந்தேகப்படுகிறார்? அந்த வீம்பில்தான் எழுந்தேன், உண்மையைத் தேடி ஒன்றும் இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு பத்துக்குப் படியிறங்கினேன்.

ஷெட்டில் வேலை நின்றிருந்தது. அடுத்த இணைப்பு போர்வைக்குள் சூடாகிக்கொண்டிருந்தது. குழாயின் நீளத்துக்கு, போர்வை முடிகிற ஓரத்தில், வரிசையாகச் சாப்பாட்டு டப்பாக்கள். எவர்சில்வர், அலுமினியம், மூடியில் பெயர் பொறித்தது, கயிறு கட்டியது. தெர்மோகப்பிள் ஒயர் நுழைகிற இடத்தில், அந்த வரிசையிலிருந்து தள்ளி, போர்வையை ஒரு சாண் தூக்கி மடித்துவிட்டு, நேரே சூடான எஃகின் மேல் ஒரு நாலடுக்குக் கேரியர் உட்கார்ந்திருந்தது. நாலு அடுக்கிலும் சாப்பாடு நிறைந்த, கனமான கேரியர். கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியைச் சுற்றியது என் மனைவி.

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றவர் எங்கள் பிரிவு அட்டெண்டர் கன்னியப்பன். தினமும் பன்னிரண்டு மணிக்கு என் மேஜையிலிருந்து கேரியரை எடுத்துப் போய் பன்னிரண்டே முக்காலுக்குச் சுடச்சுடக் கொண்டு வந்து வைப்பவர்.

"கன்னியப்பன், என்ன இது?"

"உங்க டப்பா சார்."

"இங்க ஏன் இருக்கு?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்கோ? ஆறு வருசமா எந்த பைப்பு சூட்ல கீதோ அதுலதான வெச்சுகினு கீறேன். மத்தவங்கள்து எல்லாம் ஓரத்துல. ஆபீசர் டப்பாவ ஓரத்துல வெக்க முடியுமா? இந்த ஒயரு சொருவிகீற எடம்தான் நல்ல சூடு. போர்வைய கொஞ்சம் தூக்கி, பாந்தமா உக்கார வெப்பேன். நடுவுல ஒரு வாரம் இன்னாவோ சூட்ட ஏத்திட்டாங்கோ சார், எல்லார் கொழம்பும் பொங்கி வழிஞ்சு பூட்ச்சு. மனு போட்டப்பறம்தான் சரியாச்சு."

"நான் கேன்டீன் மைக்ரோவேவ்ல சூடு பண்றீங்கன்னு..."

"ஸ்டீல் டப்பாவ அதுல வெச்சா பட்டுனு பொறி பறக்கும் சார்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. "எனுக்கே தெரியும்."

வெப்பத்தில் நிபுணன் என்று வாசல் பலகையில் என் பெயருக்குக் கீழே போட்டிருந்தது. ஆறு வருஷமாக ஸ்டீல் கேரியர் மைக்ரோவேவிலிருந்து சூடாக வருகிறது என்று நம்பிச் சாப்பிட்டவன் நான். அமாவாசை ரகசியமும் அங்கேயே அவிழ்ந்தது. அமாவாசைக்கு எனக்கு ஒருபொழுது, வீட்டில் சாப்பாடு கட்டமாட்டார்கள். கடலும் சந்திரனும் சும்மா இருந்திருக்கின்றன. குழு வந்த நாளில் நான் கெஸ்ட் ஹவுஸ் பிரியாணி சாப்பிட்டேன்.

ஸ்டோர்ஸ் பக்கமிருந்து ஏழுமலை சாப்பிட வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏழுமலை, இது உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார்." என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நெசமாவா?"

"நிஜமாத்தான்."

"நான் இன்னா நெனச்சுகினு இருந்தேன் தெரியுமா சார்? சாரு தன் டப்பாவ மறைக்கறதுக்கோசரம் என் பேர எழுதிட்டாருன்னு நெனச்சேன். ரெண்டு வாரமா உங்கள வாய்ல வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டிகினு இருந்தேன்."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"சொன்னா? தப்பிக்கறதுக்கு ஆபீசர் மேல பழி போடறான்னு சொல்லுவீங்கோ. கன்னியப்பன் அண்ணாத்த வேல பூடும். இத்தினி பேரும் ஆறிப்போன சோறு துன்னணும். அதான் வாய மூடிகினு இருந்துட்டேன்." கன்னியப்பன் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை தொடர்ந்தார். "ஆனா வூட்ல நம்பமாட்டேங்கறாங்கோ சார். என் மச்சான் மெயின் கேட்டுல வேல, ஷெட்டு சங்கதி தெரியாது, போர்வ எடுத்ததுக்குதான் கார்ட புடுங்கிட்டாங்கோன்னு வூட்ல சொல்லிட்டான். என் பொண்டாட்டி மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. நாளைக்கு அது வெடிச்சு நாலு பேரு செத்தா இன்னா பண்ணுவேன்னு கேக்கறா. நான் இன்னான்னு சொல்றது?"

நான் மேலே வந்தேன். கன்னியப்பன் வழக்கம்போலக் கேரியரைக் கொண்டு வந்து வைத்தார். நான் திறக்கவில்லை. உள்ளே எல்லாம் சூடாகத்தான் இருந்திருக்கும்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு என்னோடு சேர்ந்து அவரும் மாட்டுவார் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். "ரிட்டையர் ஆக உங்களுக்கு ஒரு வருஷம்கூட இல்ல. 'அந்நியப் பொருள்'னு பொதுவா எழுதிடலாம். யாரோடது, எதுன்னு போக வேணாம். ஏழுமலைக்கும் சந்தேகத்தின் பலன் கிடைச்சிடும்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஒரு முழு இரவும் ஒரு பகலும் பிடித்திருந்தது.

சனிக்கிழமை சுந்தரும் நானும் வேலைக்கு வந்தோம். என் கேரியரைத் தராசில் வைத்து எடை போட்டோம். கீழ் அடுக்கு சாம்பார் சாதத்தில் ஒரு தெர்மோகப்பிள், மேல் அடுக்குத் தயிர் சாதத்தில் ஒன்று. கூட்டுக்கு ஒன்று வைக்கலாமா என்று சுந்தர் கேட்டான், ஒயர் இல்லை. அளந்ததை எல்லாம் கணக்கில் சேர்த்து, நான் கண்டுபிடித்த அந்தப் பெயர் வைத்த எண்ணை அழித்துவிட்டு ஓட்டினோம். என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு கோடு என்று கண்ணுக்கே தெரியவில்லை. நான் சில்லறை என்று ஒதுக்கிய மீதிப் பாதிப் பள்ளம் சாம்பார் சாதம்.

சுந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், என் பிஹெச்டில கூட இப்படி வரல. பேப்பர் போடலாம் சார்."

"என்ன தலைப்பு வைப்பே?" என்றேன். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தான்.

அந்தப் பொருத்தமான கோட்டைப் பார்த்த பிறகுதான் "அந்நியப் பொருள்" என்று எழுத என்னால் முடியாது என்று தெரிந்தது. இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசி வார்த்தையை மட்டும் மழுப்பினால் முதலில் செய்ததைவிட அது கேவலம். முதலில் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

திங்கட்கிழமை விசாரணையில் நீள மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தார்கள். ஏழுமலையை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் கோடுகளைத் திரையில் போட்டேன். போர்வை விலகியது ஒரு சாப்பாட்டு டப்பாவுக்காக என்றேன். தலைகள் எல்லாம் திரைப் பக்கம் நீண்டன. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டப்பா என்று பதிவில் எழுதலாமா கூடாதா என்று ஒரு சர்ச்சை. ஒருவர் "உருளை வடிவ, நாலடுக்கு, துருப்பிடிக்காத எஃகுக் கலன்" என்று எழுதச் சொன்னார். உள்ளே இருந்ததைச் சரக்கு என்று காட்டுவதா, கழிவு என்று காட்டுவதா என்று இன்னொருவர் கேட்டார். இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரோட டப்பா?"

மேலாளர் இருமினார்.

"என்னுது மேடம்."

"நாலடுக்கா?"

"நாலடுக்கு."

"தினமுமா?"

"அமாவாசை தவிர."

"யார் கொண்டு போய் வெச்சாங்க?"

"வெச்சது என் சாப்பாட்டுக்காக. சூடா வந்தப்ப எப்படின்னு கேக்காதது நான். இன்னொருத்தர் பேரை இந்த அறிக்கையில நான் எழுத மாட்டேன். ஏற்கெனவே ஒண்ணு எழுதியாச்சு."

அவர் தலையை மட்டும் அசைத்தார். ஏழுமலை பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

முடிவு சீக்கிரமே வந்தது. விரிசல் விட்ட இடத்தைக் குடைந்தெடுத்து மறுபடி வெல்டு செய்ய வேண்டும், அதை ஏழுமலையே செய்ய வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டுக்கொண்டார். ஏழுமலை செய்தார், சோதனையில் ஒரு புள்ளிக் குறைகூட இல்லாமல் தேறியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய கேடயம் வேறு பிரிவுக்குப் போனது. குழாய் மேல் உணவு வைக்கத் தடை போட்டு, சாப்பாடு சூடாக்க மின்சாரப் பெட்டி ஒன்று வாங்க உத்தரவானது. அது வந்து சேர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நாற்பது பேரும் ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டு, படியில் என்னைப் பார்த்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் ஆறியதைத்தான் சாப்பிட்டேன், அதில் அவர்களுக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

விசாரணை முடிந்த மூன்றாம் நாள் ஏழுமலை மாடிக்கு வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஷூவை வெளியே கழற்றி வைத்துவிட்டு, ஏசிக் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கார்டோட இத்தையும் குடுத்தாங்கோ. இங்கிலீஷ்ல கீது. படிச்சு சொல்லு சார்."

படித்தேன். வெப்பநிலை விலகல், வெளியிலிருந்து சேர்ந்த ஒரு நிறையின் காரணமாக ஏற்பட்டிருக்கலாம் என்று குழு கருதுகிறது. தகுதி அட்டை உரிய நிபந்தனைகளுடன் மீண்டும் வழங்கப்படுகிறது. இப்படிக்கு. அவ்வளவையும் தமிழில் நிதானமாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"இதுல நான் தப்பு பண்ணலன்னு எங்க சார் கீது?"

மறுபடி படித்தேன். எங்கும் இல்லை.

"அர்த்தம் அதுதான் ஏழுமலை. கார்டையே திருப்பிக் கொடுத்துட்டாங்களே."

"அர்த்தத்த வூட்ல எப்டி சார் காட்டறது?"

கடிதத்தை மேஜையில் வைத்து, கையெழுத்துகளுக்குக் கீழே இருந்த இடத்தில் என் பேனாவால் தமிழில் எழுதினேன்: "போர்வையை விலக்கியது ஏழுமலை அல்ல. என் சாப்பாட்டுக் கேரியரை வைப்பதற்காக அது விலக்கப்பட்டது. பார்க்காமல் அவர் மேல் பழியை எழுதியவன் நான்." கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் அதை எடுத்து, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, வாய்விட்டுப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"சீல் போடு சார். சீல் இருந்தாதான் நம்புவா."

எங்கள் பிரிவில் இருந்தது ஒரே சீல், "கணக்கு சரிபார்க்கப்பட்டது" என்று. அதை மையில் ஒற்றி, என் பெயரின் மேலே அழுத்திக் குத்தினேன். அவர் குனிந்து மையை மெல்ல ஊதினார். காய்ந்துவிட்டதா என்று ஓரத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.